பரணிலிருந்து இறங்காதவர்கள்

திம்மராயன், வயது நாற்பத்தொன்று, அஞ்செட்டிக்கு மேற்கே.
இந்த வருஷத்தில் நாலாவது சிரிஞ்சு.
இடது கையில்தான் குத்த வேண்டும்.
வலது கை எப்போதும் மூடியிருக்கும்.
"டார்ச்சு இருக்குங்க மேடம்" என்பார்.
இருக்காது.

காய்ச்சல் இல்லை.
சளியை மூன்று முறை பார்த்தாயிற்று, காசமும் இல்லை.
சி.ஆர்.பி. மட்டும்
பதினொன்று, பதினான்கு, பன்னிரண்டு என்று
அணைத்தும் அணையாத கொள்ளி மாதிரி.
காலையில் விரல் முட்டி வீங்கிக் கிடக்கிறது,
களி உருட்ட வரவில்லை என்கிறார்.

ஆடியில் அக்கி வந்தது.
விலாவைச் சுற்றி, நீர் கோத்து.
குயவர் வீட்டில் காவி குழைத்துச் சிங்கம் எழுதிவிட்டார்கள்.
சிங்கத்தோடுதான் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறி வந்தார்.
சட்டையைத் தூக்கிக் காட்டினார்,
வியர்வையில் பிடரி கலைந்திருந்தது.
"இதுக்கெல்லாம் பயப்படுற ஆனை இல்லீங்க அது."
நான் அக்கியைப் பற்றித்தான் கேட்டிருந்தேன்.

எட்டு வயதில் வந்துபோன அம்மை
போகவே இல்லை.
முதுகு நரம்போரம் முப்பத்துமூன்று வருஷம் படுத்திருந்து
காவல் அசந்த நேரம் பார்த்து எழுந்திருக்கிறது.
நான் படித்தது இதுதான்.
ஆனால் இந்த மனுஷன் அசரவே இல்லையே.
விழித்தே இருக்கிற உடம்பில்
எந்த வழியாக நுழைந்தது?

இரண்டு மார்கழிக்கு முன்னால்
கேழ்வரகு முற்றிய கொல்லையில் பரண் சாய்ந்தது.
கட்டைகளுக்கு அடியில் இவர்.
நாலெட்டு தள்ளி குண்டப்பா.
விடியும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.
எதை என்று நான் கேட்டதில்லை.
வனத்துறைப் படிவத்தில்
'காயம்' என்ற கட்டத்துக்குள்
யாரோ 'இல்லை' என்று எழுதினார்கள்.
ஒரு கீறல்கூட இல்லை, நிஜம்தான்.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமா என்றார்.
ஊதாச் சாயம் ஏறிய வெள்ளணுக்களை நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.
ஒரு கண்ணை இடுக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.
"இவனுங்க தூங்கறதே இல்லையா?"
சாயம் போட்டால் செத்துவிடும் என்று சொல்லவில்லை.

"பரண்ல பத்து ராத்திரி முழிச்சிருந்தா என்னாகும் தெரியுங்களா?
பன்னி வந்தாலும் வெடி, முசல் வந்தாலும் வெடி.
அப்புறம் காத்துக்குத் தட்டு ஆடினாலே வெடி.
ஒருக்கா எங்க போர்மேலயே நெருப்பு விழுந்துச்சு,
எங்க ராகி, எங்க வெடி.
நெசமா அது வந்தப்ப
குச்சி நமுத்துப்போய்க் கெடந்துச்சு."

என் மூன்று வருஷப் படிப்பை
ஸ்டூலில் உட்கார்ந்தபடி முடித்துவிட்டார்.

விடிந்தால் யார் இறக்கிவிடுவது என்று கேட்டேன்.
"குண்டப்பாதான். அவன் பரண் முன்னாடியே காலியாயிடும்.
கீழ நின்னு கத்துவான்,
டேய், வெளுத்திருச்சு, இறங்குடான்னு.
அந்தக் கொரலு கேட்டாத்தான் கால் நீளும்."

காலைக் கார்ட்டிசால் பார்க்கக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியிருந்தோம்.
குறைவு என்று வந்த தாள் என் மேஜையில்தான் இருந்தது.
போதும், இறங்கு என்று
உள்ளே சொல்ல வேண்டியது அதுதான்.
அதை அவரிடம் எப்படிச் சொல்வது?
டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.
வெள்ளிக்கிழமை மட்டும்.
மூன்று வெள்ளி போய்விட்டது,
சீட்டு அவர் பையில் மடிப்புக் கிழிந்து கிடக்கிறது.

இன்று சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும்போது கரண்ட் போனது.
இறங்கி இறங்கி வந்த அந்த முனகலுக்கு
அவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.
குழாயில் ரத்தம்
பாதி பிரிந்தும் பாதி கலங்கியும் நின்றது.
வரிசையில் இருந்த பிள்ளைத்தாச்சி சிரிக்கவில்லை, நல்லவேளை.

நானும் குனிந்து உட்கார்ந்தேன்.
மணி பதினொன்றேகால். வாசல்வரை வெயில்.
வெளுத்திருச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்,
அது என் வாய்ச்சொல் இல்லை, விட்டுவிட்டேன்.
பஞ்சை மட்டும் நீட்டினேன்.

ஊசி குத்திய இடத்தில் கசிந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர்
வலது கையைத் திறந்து
வாங்கி
அழுத்திக்கொண்டார்.